ஆபரேஷன் பண்ணியும் இவ்வளவுதானா?

2023 ஆவணியில் சிங்கப்பூர் சிராங்கூன் சாலை பெருமாள் கோயில் மண்டபத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்து, இலையில் விழுந்த சோற்றை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தேன். நாத்தனார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தாதிமை விடுதியில் இருக்கும் மாமியாரைப் பார்க்க அவள் ஒரு கிழமை, நாங்கள் ஒரு கிழமை என்று முறை வைத்துக்கொண்டதால், ஒரே தீவில் இருந்தும் ஒரு வருடத்துக்கு மேலாக ஒருவரை ஒருவர் நேரில் பார்க்கவில்லை. எடை குறைய நான் இரைப்பையில் ஆபரேஷன் பண்ணிக்கொண்டது அவளுக்குத் தெரியும். என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அண்ணி, ஆபரேஷன் பண்ணியும் இவ்வளவுதானா?" என்றாள். கேலி இல்லை. அதுதான் சங்கடம். கேலியாக இருந்தால் பதிலுக்கு ஒன்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். முஸ்தபா கடையில் வாங்கிய தங்கம் கறுத்துப்போனதாகச் சொன்னால் எப்படிப் பார்ப்பார்களோ, அப்படிப் பார்த்தாள். எனக்காக உண்மையிலேயே வருத்தப்பட்டாள். "ஆமா, இவ்வளவுதான்" என்று சொல்லி என் இலையிலிருந்த வடையை எடுத்து அவள் இலையில் வைத்தேன்.

அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்தது. இரவு படுத்த பிறகும் போகவில்லை. அவள்மேல் கோபம் என்று முதலில் நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் அதுவும் இல்லை. மூன்று மாதத்துக்கு முன்பு, ஏறக்குறைய அதே வார்த்தைகளில், என் மருத்துவரிடம் நானே கேட்ட கேள்விதான் அது. அவர் சொன்ன பதிலை நாத்தனாரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அதைச் சொல்ல ஒரு பேனா, ஒரு தாள், கொஞ்சம் கழித்தல், கொஞ்சம் வகுத்தல் எல்லாம் வேண்டும். பாயசம் வரும் நேரத்தில் அது நடக்கிற காரியமா?

57.6

ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தில் முப்பத்தெட்டு வருடம் கணக்கு எழுதியவள் நான். வேலைக்குச் சேர்ந்தது 1984-ல், மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புத் திட்டம் தொடங்கிய அதே வருடம். அப்போது சம்பளத்திலிருந்து பிடித்தபோது முணுமுணுத்த காசுதான் பின்னால் ஆபரேஷன் செலவில் பெரும்பகுதியைக் கட்டியது. பிறந்தது 1960 பிப்ரவரி. மெர்டேக்கா தலைமுறை என்று அரசாங்கம் மூத்தோருக்குத் தரும் சலுகைகளுக்கு 1959 டிசம்பருக்குள் பிறந்திருக்க வேண்டும்; இரண்டு மாதத்தில் கோட்டை விட்டேன். அம்மா கொஞ்சம் அவசரப்பட்டிருக்கலாம்.

ஓய்வு பெற்றபோது வயது 62, எடை 96 கிலோ, உயரம் 155 சென்டிமீட்டர். உயரத்தோடு எடையை ஒப்பிடும் அளவான பிஎம்ஐ 40. இங்கே நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு 23-ஐத் தாண்டினாலே எச்சரிக்கை, 27.5-ஐத் தாண்டினால் அதிக ஆபத்து என்பது பலதுறை மருந்தகத்துக்குப் போய் வருகிற எல்லோருக்கும் தெரியும். எனக்கோ பதினேழு வருடச் சர்க்கரை, இன்சுலின், இரண்டு முழங்கால், இரவில் மூக்கில் மாட்டிக்கொள்ளும் மூச்சு இயந்திரம். பலதுறை மருந்தகத்து மருத்துவர்தான் முதலில் இரைப்பை அறுவை சிகிச்சை என்ற பேச்சை எடுத்தார். அறுபதைத் தாண்டியவளுக்கு இதெல்லாம் செய்வார்களா என்று கேட்டேன். வயதை மட்டும் பார்ப்பதில்லை, உடம்பு தாங்குமா என்றுதான் பார்ப்பார்கள் என்றார். நான் செய்துகொண்ட அதே 2022-ன் கடைசியில் வந்த சர்வதேச வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது. மேல் வயது வரம்பு என்று ஒன்று கிடையாது; உடல் தளர்ச்சிதான் கணக்கு.

அறுவை சிகிச்சைக்கு முன்னால் விளக்கக் கூட்டம் ஒன்று வைத்தார்கள். ஒரு அறையில் எட்டுப் பத்துப் பேர். என்னைத் தவிர எல்லோரும் முப்பது நாற்பது வயதுக்காரர்கள். திரையில் ஒரு வரி வந்தது. அதிகப்படியான எடையில் சுமார் 60 சதவீதம் குறையும். அந்த 'அதிகப்படியான' என்ற சொல் என் காதில் விழவே இல்லை. எனக்குக் கேட்டது 60 சதவீதம் மட்டும். கைப்பையிலிருந்து கால்குலேட்டரை எடுத்து 96-ஐ 60 சதவீதத்தால் பெருக்கினேன். 57.6 வந்தது.

1985-ல் என் கல்யாணத்தின்போது என் எடை 58.

இதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்? குறையும் எடையின் சதவீதத்தை மிஞ்சும் எடையின் சதவீதமாக எடுத்துக்கொண்டேன் என்பதுகூட உறைக்கவில்லை. யாராவது ஒரு குமாஸ்தா இப்படி ஒரு எண்ணை என் மேசையில் கொண்டுவந்து வைத்திருந்தால், "எதன்மேல் சதவீதம்?" என்று சிவப்புப் பேனாவால் எழுதித் திருப்பி அனுப்பியிருப்பேன். ஆண்டிறுதித் தணிக்கைக்கு வரும் பையன்கள் என்னைக் கண்டு பயந்ததே அந்த ஒரு கேள்விக்காகத்தான். அன்றைக்கு நானே அதைக் கேட்கவில்லை. பிடித்த விடை வந்துவிட்டால் யாரும் கணக்கைச் சரிபார்ப்பதில்லை. வீட்டுக்கு வந்து, பழைய நோட்டு ஒன்றின் முதல் பக்கத்தில் 58 என்று எழுதி வட்டம் போட்டேன்.

இறங்குமுகம்

அறுவை சிகிச்சையைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. கல்லீரலைச் சுருக்குவதற்காக முன்னால் இரண்டு வாரம் புரதப் பானம் மட்டும். வயிற்றில் ஐந்து சின்னத் துளை. இரைப்பையில் ஐந்தில் நான்கு பங்கை எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம் போல ஒரு குழாயாக விட்டுவிட்டார்கள். பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோனின் பெரும்பகுதி, எடுத்துப்போட்ட அந்தப் பகுதியில்தான் சுரக்குமாம். அதனால் முதல் சில மாதம் பசி என்பதே இல்லை. நாற்பது வருடமாகக் காலை ஆறு மணிக்குக் கூப்பிட்ட வயிறு ஒரேயடியாக வாயை மூடிக்கொண்டது எனக்குப் பயமாகக்கூட இருந்தது. முதல் மாதம் எட்டு கிலோ. நடுவில் மூன்றாவது வாரம் முள் அசையவே இல்லை. எல்லோருக்கும் அப்படித்தான் என்றார்கள், பிறகு இறங்கியது. ஆறாவது மாதம் 80. மூன்றாவது மாதத்திலிருந்து முடி கொத்துக்கொத்தாகக் கொட்டி, குளியலறை வடிகாலை அடைத்தது. அதுவும் எதிர்பார்த்ததுதான், திரும்ப வளரும் என்றார்கள். வளர்ந்தது, ஆனால் பழைய அடர்த்தி இல்லை.

இந்தக் காலத்தில் ஒரு போதை பிடித்துக்கொள்கிறது. அதைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. காலையில் எழுந்ததும் எடை இயந்திரம். கழிப்பறைக்குப் போய்வந்து மறுபடியும். வளையலைக் கழற்றிவிட்டு மறுபடியும். நோட்டில் தேதி, எடை, வித்தியாசம் என்று மூன்று பத்தி. வித்தியாசத்தில் கழித்தல் குறி வந்தால் அன்றைக்கு நான் நல்லவள். கூட்டல் குறி வந்தால் வீட்டுக்காரரிடம் எரிந்து விழுவேன். அவர் பாவம், நான் பாதியில் வைக்கும் தோசை, கால் தட்டு மீ கோரிங், முக்கால் கோப்பை தேநீர் எல்லாவற்றையும் வீணாக்கக்கூடாது என்று சாப்பிட்டு, ஒரு வருடத்தில் நான்கு கிலோ ஏறினார். குடும்பக் கணக்கில் பார்த்தால் நிகர நஷ்டம் கொஞ்சம் குறைவுதான்.

பன்னிரண்டாவது மாதம் 74. பதின்மூன்றாவது மாதமும் 74. பதினான்காவது மாதம் ஒருநாள் 74.3. அன்றைக்கு நோட்டை எடுத்து ஒரு கோடு போட்டுக் கூட்டினேன். இலக்கு 38 கிலோ, எட்டியது 22, பாக்கி 16. கடன்காரன் ஓடிப்போனதை உறுதி செய்துகொண்ட மாதிரி இருந்தது.

ஒரே உடம்பு, நான்கு சதவீதங்கள்

மே மாதம் மறுபரிசோதனை. மருத்துவர் சீனர், என் மகனைவிட இளையவர். உட்கார்ந்ததும் கேட்டேன். "டாக்டர், ஆபரேஷன் தோல்விதானே? இவ்வளவுதானா?" அவர் பதில் சொல்லாமல் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்தில் பட்டையாக ஒரு பாதை மேலிருந்து இறங்கி, ஒரு வருடத்தில் அடியைத் தொட்டு, பிறகு லேசாக மேலேறிப் போனது. அந்தப் பாதையின் நடுவே ஒரு சிவப்புப் புள்ளி. அது நான். "சரியாக எதிர்பார்த்த இடத்தில் இருக்கிறீர்கள்" என்றார். நிம்மதி வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். நடுவில் நிற்பதற்காகவா வயிற்றை வெட்டிக்கொண்டேன்? 60 சதவீதம் என்றீர்களே, அது எங்கே என்றேன்.

அவர் ஒரு தாளை எடுத்தார். 155 சென்டிமீட்டர் உயரத்துக்கு பிஎம்ஐ 25 என்றால் எடை 60 கிலோ. நான் இருந்தது 96. அதிகப்படி 36. குறைந்தது 22. இருபத்திரண்டை முப்பத்தாறால் வகுத்தார். "61 சதவீதம். சொன்னதைவிட ஒன்று கூடுதல், மேடம்."

அந்தத் தாளை அவர் கையிலிருந்து வாங்கினேன். பிடுங்கினேன் என்றும் சொல்லலாம். பேனாவையும் வாங்கி நானே போட்டுப் பார்த்தேன். பிஎம்ஐ 25-க்குப் பதில் நம் ஊர் 23-ஐ வைத்தால் எடை 55, அதிகப்படி 41, சதவீதம் 54. மொத்த எடையான 96-ஆல் வகுத்தால் 23. என் நோட்டில் நானாக வைத்துக்கொண்ட 38-ஆல் வகுத்தால் 58. குறைந்தது எல்லாவற்றிலும் அதே 22 கிலோ. வகுக்கும் எண்ணை மாற்ற மாற்ற நான் ஜெயித்தவளாகவும் தோற்றவளாகவும் மாறிக்கொண்டே இருந்தேன். முப்பத்தெட்டு வருட அனுபவம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து வெட்கப்பட்டது.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான். அதிகப்படி எடையில் இத்தனை சதவீதம் என்று யாராவது சொன்னால், தலையை ஆட்டிவிட்டு, மொத்த எடையில் எவ்வளவு என்று கேளுங்கள். இரண்டு எண்ணும் பொய் இல்லை. ஆனால் பெரிய எண்தான் விளம்பரத்தாளில் நன்றாகத் தெரிகிறது. எனக்குச் செய்த, இரைப்பையைக் குழாயாக்கும் ஸ்லீவ் முறையில் மொத்த எடையில் நான்கில் ஒரு பங்கு குறைவது சராசரி, இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு நேராக இணைக்கும் பைபாஸ் முறையில் அதைவிடக் கொஞ்சம் அதிகம், வயது கூடக்கூட இரண்டிலும் கொஞ்சம் குறைவு என்று அவர் சொன்னார். அப்படியானால் 96 கிலோக்காரிக்கு 72, 74, 76 என்ற அக்கம்பக்கத்தில்தான் வீடு. 58 என்பது என் விலாசமாக ஒருநாளும் இருந்ததில்லை.

பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். "58 என்று எப்படி முடிவு செய்தீர்கள்?" கல்யாண எடை என்றேன். சிரிக்கவில்லை. "உங்கள் வயதில் இந்த உயரத்தில் 58-க்கு வந்து நின்றிருந்தால், நான் பாராட்டியிருக்க மாட்டேன். என்ன கோளாறு என்று தேடியிருப்பேன்" என்றார். வேகமாக எடை இறங்கும்போது கொழுப்பு மட்டும் போவதில்லை, போகும் எடையில் ஏறக்குறைய கால்வாசி தசை போன்ற மற்றவை; இருபத்தைந்து வயதில் இழந்த தசையைத் திரும்பக் கட்டலாம், அறுபதுக்கு மேல் அது லேசில் திரும்பாது என்று விளக்கினார். "எடையை விடுங்கள். நாற்காலி எவ்வளவு?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. கீழே உடற்பயிற்சிச் சிகிச்சையாளரிடம் அனுப்பினார்.

நாற்காலி

கை வைக்காத ஒரு சாதாரண நாற்காலி. இரண்டு கையையும் மார்பில் குறுக்காகக் கட்டிக்கொள்ள வேண்டும். ஐந்து முறை எழுந்து நின்று உட்கார வேண்டும். நேரம் பார்ப்பார்கள். ஆசியாவின் தசைநலிவு ஆய்வுக் குழு 2019-ல் வகுத்த அளவுப்படி 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் உடல் இயக்கம் மந்தம் என்று பொருள். இதற்கு முன்பே இந்தச் சோதனையை எனக்கு இரண்டு முறை செய்திருக்கிறார்கள். எனக்கு நினைவே இல்லை. எடை இயந்திரத்தில் ஏறுவதற்கு முன் செய்யச் சொன்ன ஏதோ சடங்கு என்றுதான் நினைத்திருந்தேன். அந்த எண்ணை என் நோட்டில் எழுதியதும் இல்லை.

சிகிச்சையாளர் ஒரு மலாய்ப் பெண். பழைய கோப்பைப் பார்த்துச் சொன்னாள். ஆபரேஷனுக்கு முன் 17 வினாடி. நான்காவது மாதம் 19 வினாடி.

நான்காவது மாதம் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அந்த மாதம்தான் எல்லோரும் என்னைக் கொண்டாடினார்கள். பதினான்கு கிலோ இறங்கியிருந்தது. பேட்டைச் சந்தையில் மீன் விற்கும் அங்கிள்கூட "வா, சோ ஸ்லிம்" என்றார். நோட்டு முழுக்கக் கழித்தல் குறி. அதே மாதத்தில் நாற்காலியிலிருந்து எழ எனக்கு முன்னைவிட இரண்டு வினாடி அதிகம் தேவைப்பட்டிருக்கிறது. பதினான்கு கிலோச் சுமையை இறக்கி வைத்தும் தூக்குகிற காலும் சேர்ந்து இளைத்துவிட்டது. நான் சிரித்துக்கொண்டே நலிந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் உணவு ஆலோசகர் நாளுக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும் என்று கத்தாத குறையாகச் சொல்லி, வாரம் இரண்டு நாள் எடைப் பயிற்சிக்கும் விரட்டினார். அறுபது கிராம் என்றால் பத்து முட்டைக்குச் சமம். ஒரு கைப்பிடி கொள்ளும் வயிற்றில் இது எப்படிப் போகும்? சோற்றை ஓரம் தள்ளிவிட்டு முதலில் மீன், முதலில் முட்டை, முதலில் தவ் குவா என்ற சோயாக்கட்டி என்று வரிசை மாற்றித்தான் சாப்பிட முடிந்தது. ரசம் ஊற்றிப் பிசைந்து முதல் கவளம் வாயில் வைத்து அறுபது வருடம் பழகியவளுக்கு, இந்த வரிசை மாற்றம் ஆபரேஷனைவிடக் கடினம். எடைப் பயிற்சியோ, எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் மூத்தோர் நிலையத்தில். ரப்பர் பட்டையைக் காலில் மாட்டி இழுப்பது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு பாதி உட்கார்ந்து எழுவது. கிலோ குறைவதற்கு இவை பெரிதாக உதவவில்லை. அதனால் நோட்டில் இதற்குத் தனிப் பத்தி இல்லை.

அன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன். ஐந்து முறை. "11.2, ஆன்ட்டி!" என்று கைதட்டினாள். பக்கத்து இருக்கையில் காத்திருந்த சீனத் தாத்தாவும் விவரம் புரியாமல் கைதட்டினார். எனக்கு ஏனோ அழுகை வந்தது. எடை இயந்திரம் 14 மாதத்தில் ஒருமுறைகூட என்னை அழவைத்ததில்லை, எரிச்சல்தான் படுத்தியிருக்கிறது.

நம் வயது அந்தப் பட்டியலில் இல்லை

வீட்டுக்கு வந்து மகனை உட்காரவைத்துத் தேடித் தேடிப் படித்தேன். பின்லாந்தில் 240 பேரை இரண்டாகப் பிரித்து ஸ்லீவ், பைபாஸ் இரண்டையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். 2018-ல் வந்த ஐந்து வருட முடிவில், ஸ்லீவ் செய்தவர்களுக்கு அதிகப்படி எடையில் 49 சதவீதமும் பைபாஸ் செய்தவர்களுக்கு 57 சதவீதமும் குறைந்திருந்தது. ஆனால் அதில் சேர்ந்தவர்கள் எல்லோரும் 18 முதல் 60 வயதுக்குள். 1987-ல் தொடங்கிய சுவீடன் ஆய்வு இந்தத் துறையின் பெரியவர் மாதிரி. அதிலும் சேரும்போது வயது 37 முதல் 60 வரைதான். அதில் இன்னொன்றும் தெரிகிறது. முதல் ஓரிரு வருடத்தில் அடியைத் தொட்ட எடை, பிறகு சராசரியாகக் கொஞ்சம் மேலே வருகிறது. நாம் ஏதோ கள்ளத்தனமாகப் பிராட்டா தின்றதால்தான் ஏறுகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். சரி, சில பேர் தின்கிறோம்தான். ஆனால் திரும்ப ஏறுவது அந்தச் சிகிச்சையின் இயல்பான வளைவிலேயே இருக்கிறது.

வயதானால் உடம்பு எரிக்கும் சக்தி குறைந்துவிடும் என்று நாற்பதிலிருந்தே சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். 2021-ல் வந்த ஒரு பெரிய ஆய்வின்படி இருபதிலிருந்து அறுபது வரை அது பெரிதாக மாறுவதே இல்லை. அறுபதுக்குப் பிறகுதான் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. ஆக நாற்பதில் சொன்ன சாக்கு பொய்; உண்மையாகும் வயதில் ஆபரேஷனுக்குப் போயிருக்கிறேன்.

சர்க்கரைக்கும் இதே கதைதான். 2016-ல் நம் அரசாங்கம் நீரிழிவுக்கு எதிராகப் போர் என்று அறிவித்தபோது நான் அந்தப் போரில் ஏற்கெனவே தோற்ற பக்கத்தில் இருந்தேன். அறுவை சிகிச்சை முடிந்து மருத்துவமனையிலேயே இன்சுலினை நிறுத்திவிட்டார்கள். மூன்று மாதச் சர்க்கரை அளவு 9.1-லிருந்து 6.7-க்கு வந்தது. மகள் "குணமாகிவிட்டது" என்று குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டாள். ஆகவில்லை. மருந்தையெல்லாம் நிறுத்தி மூன்று மாதம் கழித்தும் 6.5-க்குக் கீழே இருந்தால்தான் நோய் தணிந்தது என்பார்கள். நான் இன்னும் மெட்ஃபார்மின் விழுங்குகிறேன். நோய் வந்து சில வருடத்துக்குள் செய்துகொள்பவர்களுக்குத் தணிய வாய்ப்பு அதிகம். பதினேழு வருடமாகக் களைத்த கணையத்துக்கு எல்லாம் திரும்பி வராது. மூச்சு இயந்திரத்தை மட்டும் மறுசோதனைக்குப் பிறகு கழற்றிவிட்டார்கள். எங்கள் படுக்கையறையில் இப்போது சத்தம் போடுவது வீட்டுக்காரர் மட்டும்தான்.

தோலையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்க எல்லோருக்கும் ஆசை, கேட்கக் கூச்சம். தொங்குகிறது. மேல்கை, வயிறு, கழுத்து. முப்பது வயதுக்காரிக்கும் தொங்கும். அறுபதில் சுருங்க மறுக்கிறது. முகம் ஒட்டி, ஐந்து வயது கூடித் தெரிகிறது. அதனால் பார்ப்பவர்களில் பாதிப் பேர் "இவ்வளவுதானா?" என்கிறார்கள், மீதிப் பாதி "ஏன் இப்படி வாடிப்போயிட்டே, உடம்பு சரியில்லையா?" என்கிறார்கள். ஒரே மண்டபத்தில், ஒரே நாளில், ஒரே உடம்பைப் பார்த்து. இவர்கள் இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேசவிட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

அண்ணன் மகன் வேறு, "ஊசி வந்திருக்கே அத்தை, அதைப் போட்டிருக்கலாமே" என்கிறான். போட்டிருக்கலாம். எடை குறைக்கும் செமாக்ளூடைட் ஊசியின் பெரிய ஆய்வில் சராசரியாக மொத்த எடையில் 15 சதவீதம் குறைந்தது, அதற்குப் பின் வந்த டிர்செபடைடின் அதிக அளவில் இன்னும் கூட. ஊசியை நிறுத்தினால் எடை திரும்புகிறது என்பதும் அதே ஆய்வுக்காரர்கள் சொன்னதுதான். என் ஆபரேஷனுக்கோ பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி என்று ஆயுள் முழுக்க மாத்திரை. எது மேல் என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஊசிக்கும் அந்தக் கேள்வி பொருந்தும் என்று மட்டும் அவனிடம் சொன்னேன். பதினைந்து சதவீதம், எதன்மேல்?

ஒதுக்கீடு

கணக்கு எழுதுகிறவர்களுக்கு வாராக்கடன் ஒதுக்கீடு என்று ஒன்று உண்டு. கொடுத்த கடன் முழுக்கத் திரும்பி வராது என்று தெரியும். எவ்வளவு வராது என்று சரியாகத் தெரியாது. அதனால் ஒரு தொகையை முன்கூட்டியே நஷ்டமாக எழுதி ஒதுக்கி வைப்போம். பின்னால் அது நடக்கும்போது யாரும் அலறுவதில்லை. வருடத் தொடக்கத்திலேயே பக்கத்தில் இருந்த எண்தானே.

கல்யாணத்துக்குப் போய்வந்த அந்த இரவு, தூக்கம் வராமல் எழுந்து நோட்டை எடுத்தேன். பின்லாந்துக்காரர்களின் 49 சதவீதத்தை என் 36 கிலோவுக்குப் போட்டேன். 17.6 வந்தது. 96-ல் கழித்தால் 78.4. ஐந்தாவது வருடம், அதாவது 2027 மார்ச்சில், நான் 78 கிலோவில் நின்றால் அது தோல்வியில்லை. 74-க்கும் 78-க்கும் நடுவில் நான்கு கிலோ. பென்சிலால் எழுதினேன்: ஒதுக்கீடு, 4 கிலோ. முதல் பக்கத்தில் இருந்த 58-ஐ அழிக்கவில்லை. அதன்மேல் ஒரு கோடு மட்டும் போட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். தவறான பதிவை அப்படித்தான் அடிக்க வேண்டும், கீழே என்ன இருந்தது என்று படிக்க முடிய வேண்டும். பிறகு வித்தியாசம் என்ற பத்தியின் தலைப்பை அடித்துவிட்டு நாற்காலி என்று எழுதினேன்.

அதன்பிறகு 73.4 வரை போனது. இப்போது, 2024 தீபாவளிக்கு முந்தைய மாதம், 75.6. ஒதுக்கீட்டில் பாதி போல எடுத்தாகிவிட்டது. நாற்காலி 10.6. முன்பெல்லாம் பொங்கலுக்கு எங்கள் புளோக்கின் கீழே உள்ள வெற்றுத்தளத்தில் கோலம் போடும்போது பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்துகொண்டு பேத்திக்கு வழி சொல்லுவேன். இந்த வருடம் தரையில் உட்கார்ந்து போட்டேன். எழுந்திருக்கும்போது ஒரு கையை ஊன்றவேண்டி வந்தது. அதை எழுதவும் நோட்டில் இடம் விட்டிருக்கிறேன்.

போன வாரம் தேக்கா சந்தையின் மாடியில் எனக்கு இருபது வருடமாகத் தைக்கும் தையற்கடைக்குப் போனேன். பட்டு ரவிக்கைகள் ஐந்து, எல்லாம் 96 கிலோ காலத்தவை. தொண்ணூறுகளில் இருந்தே எடுத்து வைத்திருந்த பழைய சின்ன ரவிக்கைகள் ஒரு பையில் இருந்தன. அவற்றை முன்பே கொடுத்துவிட்டேன். டெய்லர் அளவு எடுத்துவிட்டு, குண்டூசியால் இரண்டு பக்கமும் பிடித்துப் பார்த்தார். ஒவ்வொரு பக்கமும் நல்ல அகலத்துக்குத் துணி மிச்சம். கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்.

"உள்ளே இருக்கிற துணியை வெட்டிரவாக்கா, விட்டு வைக்கவா?"

"எவ்வளவு விடலாம்?"

"நீங்க சொல்லுங்க."

"ஒரு அங்குலம் விடுங்க" என்றேன். "அதுக்கு மேல வேண்டாம்."